பயிற்சி விசாவா, வேலை விசாவா? காணி உறுதியை ஈடுவைக்க முன்னர் சில விளக்கங்கள்

"பயிற்சிக்குப் போனால் சம்பளம் தருவார்களா?" இக்கேள்வி அண்மைக் காலமாக எம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். சிலருடைய காணி விடுபட்டுவிட்டது. ஆனால் கிணறு தூர்ந்து, எல்லைக்கல் தெரியாமல், பற்றை வெட்டவும் கையில் காசில்லை. வேறு சிலருடைய காணி இன்னமும் முள்ளுக்கம்பிக்கு உள்ளேயே கிடக்கிறது. அவர்கள் குத்தகைத் தோட்டத்தில் வெங்காயம் நட்டு, விலை விழுந்த வருடம் கடனும், விலை ஏறிய வருடம் பழைய கடனின் வட்டியுமாகக் காலத்தைக் கடத்துகிறார்கள். இப்படியான வீட்டுக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் வருகிறது. "யப்பானில் விவசாயப் பயிற்சி", "அமெரிக்காவில் கலாசாரப் பரிமாற்றம்", "கொரியாவில் பண்ணை வேலை" என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்றும் ஒன்றுதான் என்று தாய் தகப்பன் நினைக்கிறார்கள். மூன்றும் ஒன்றல்ல என்பதை விளக்கவே இக்கட்டுரை.

விசாவைப் பலர் விமானம் ஏறுவதற்கான சீட்டாகவே எண்ணுகிறார்கள். உண்மையில், அந்த நாட்டில் நீங்கள் யார், என்ன செய்யலாம், யாரிடம் முறையிடலாம் என்பதையெல்லாம் எழுதிவைப்பது அதுதான். மாணவர், பயிலுநர், பரிமாற்ற விருந்தினர், தொழிலாளர், சுற்றுலாப் பயணி என்று வகைகள் உண்டு. ஐந்து பேரும் ஒரே பண்ணையில் ஒரே கிழங்கைத்தான் கிண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சட்டப்படியான சம்பளம் கிடைக்கும், இன்னொருவருக்குக் கைச்செலவுப் பணம் மாத்திரம் கிடைக்கும், சுற்றுலா விசாவில் போனவருக்குத் தடுப்பு முகாம் கிடைக்கும். வேலை ஒன்று, உரிமை வேறு.

நோர்வேக் கதை

இவ்விடயம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வேக்குப் போனார். அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, நோர்வே நண்பர்களின் துணையுடன் 1960களில் சீநோர் நிறுவனத்துக்கு வழி செய்தார். குருநகரின் வலைத் தொழிற்சாலையும் காரைநகரின் படகு கட்டும் தளமும் அதனால் வந்தவை. வெளிநாட்டில் கற்றது ஊரில் தொழிலாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நாம் எங்கே தேடுவது?

பின்னர் நடந்தது வேறு. 1975 இல் நோர்வே வேலை தேடி வருவோருக்குக் கதவை அடைத்தது. மாணவருக்கான கதவு மாத்திரம் திறந்திருந்தது. அந்நாட்டில் மக்கள் உயர்பள்ளி என்று ஒருவகைப் பாடசாலை உண்டு. விடுதியில் தங்கி, பரீட்சையின்றி, ஏறத்தாழ ஒரு வருடம் படிப்பது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும், சிறப்பாக 1983 யூலைக்குப் பின்னர், எமது இளைஞர்கள் பலர் இப்பள்ளிகளில் அனுமதி பெற்று மாணவ விசாவில் போனார்கள். அவர்களுள் பலர் வடக்கு நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து அங்கேயே குடியமர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. ஊரில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் பல இடம்பெயர்ந்த குடும்பங்கள் கஞ்சி குடித்தன.

ஆனால் அந்தக் கதையை நம்பி இன்றைக்குப் பணம் கட்டுவோரைக் காணும்போதுதான் எமக்கு அச்சம் உண்டாகிறது. "முதலில் படிப்பு விசாவில் போ, பிறகு மாற்றலாம்" என்று சொல்லும் முகவர் நாற்பது வருடத்துக்கு முந்திய நோர்வேயைப் பற்றிப் பேசுகிறார். கலாசாரப் பரிமாற்றம் என்ற பெயரில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளை பார்க்கும் "ஓ பெயர்" திட்டத்தைக்கூட அந்நாடு 2024 இல் நிறுத்திவிட்டது. பரிமாற்றம் என்று சொல்லி மலிவான வேலைக்காரரை வைத்திருக்கிறார்கள் என்பதே அங்கு எழுந்த குற்றச்சாட்டு.

கொரியா: பயிலுநர் தொழிலாளரான வரலாறு

"பயிலுநர்" என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொரியாவில் பார்க்கலாம். 1993 இல் அந்நாடு தொழிற் பயிலுநர் முறையை விரிவாக்கி, சிறு தொழிற்சாலைகளுக்கு ஆசிய நாடுகளிலிருந்து இளைஞர்களைக் கொண்டுவந்தது. செய்தது முழுநாள் வேலை. கடதாசியில் அவர்கள் தொழிலாளர் அல்லர், பயிலுநர். ஆகவே தொழிற் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு உரியதல்ல என்று சொல்லப்பட்டது. கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைத்த முதலாளிகளும், சம்பளத்தைப் பிடித்துவைத்தவர்களும், கை நீட்டியவர்களும் இருந்தார்கள். 1995 தை மாதக் குளிரில் நேபாள நாட்டுப் பயிலுநர் சிலர் சியோல் நகரின் மியோங்டொங் கத்தோலிக்கப் பேராலய முன்றிலில் உடம்பில் சங்கிலி பூண்டு அமர்ந்தார்கள். நாங்களும் மனிதர்தான், எங்களை அடிக்க வேண்டாம் என்பதே அவர்கள் கேட்டது. அதே வருடம் சில தொழிற் பாதுகாப்புகள் பயிலுநருக்கும் வழங்கப்பட்டன. அந்தப் பயிலுநர் முறை முற்றாக ஒழிய 2007 வரை சென்றது.

அதற்குப் பதிலாக 2004 ஓகஸ்ட்டில் வந்ததே தொழில் அனுமதி முறை. இதன் விசா ஈ-9 எனப்படும். முதலில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. இங்கு போகிறவர் சட்டப்படி தொழிலாளர். கொரியருக்குரிய குறைந்தபட்சச் சம்பளமே இவருக்கும். 2025 இல் அது மணித்தியாலத்துக்கு 10,030 வொன். முதலில் மூன்று வருடம், பின்னர் நீடிப்புடன் மொத்தம் நான்கு வருடம் பத்து மாதம். வயது 18 முதல் 39 வரை. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

இம்முறையில் தனியார் முகவருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இங்கே எமது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும், அங்கே கொரிய அரசின் மனிதவள நிறுவனமும் மாத்திரமே இதை நடத்துகின்றன. பரீட்சைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, விமானச் சீட்டு போன்ற செலவுகள் உண்டு. அதற்கு மேல், "கொரியாவில் எனக்கு ஆள் இருக்கிறது, ஆறு இலட்சம் தாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவர் இல்லாத பொருளை விற்கிறார். மொழி வகுப்புக்குக் கட்டணம் வாங்குவது வேறு விடயம். அதற்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பரீட்சையில் சித்தியடைந்தவுடன் வேலை நிச்சயம் என்றும் எண்ண வேண்டாம். சித்தியடைந்தவரின் பெயர் பட்டியலில் சேரும். அதிலிருந்து கொரிய முதலாளி தெரிவு செய்தால்தான் ஒப்பந்தம் வரும். பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லுபடியாகும். அதற்குள் அழைப்பு வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பரீட்சை எழுதிய கையோடு குத்தகைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

கமக்காரப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரியாவின் தொழில் நியமச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகளிலிருந்து விவசாயத்தையும் கால்நடை வளர்ப்பையும் மீன்பிடியையும் விலக்கிவைத்திருக்கிறது. தொழிற்சாலைக்குப் போகிறவருக்குள்ள மேலதிக நேரக் கணக்கு பண்ணைக்குப் போகிறவருக்கு அப்படியே வராது. தங்குமிடமும் பார்க்கப்பட வேண்டியது. 2020 டிசெம்பரில், கடும் பனிக்குளிரில், பண்ணையொன்றின் பொலித்தீன் குடிலுக்குள் அமைத்த தங்குமிடத்தில் கம்போடிய நாட்டுப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்து கிடந்தார். அதன் பின்னரே அப்படியான குடில்களைத் தங்குமிடமாகக் கொடுக்கும் முதலாளிகளுக்குப் புதிய ஆட்களைக் கொடுப்பதில்லை என்று அரசு அறிவித்தது. ஒப்பந்தத்தில் "தங்குமிடம்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டறிவது பிள்ளையின் கடமை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

யப்பானில் இரண்டு கதவுகள்

யப்பானும் 1993 இலேயே தொழில்நுட்பப் பயிலுநர் திட்டத்தைத் தொடங்கியது. வளர்முக நாடுகளுக்குத் தொழில்நுட்ப அறிவைக் கொடுப்பதே நோக்கம் என்று எழுதப்பட்டது. நடந்தது என்னவென்றால், இளைஞர் நகரத்துக்குப் போய்விட்ட யப்பானியக் கிராமங்களின் தோட்டங்களுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் கைகள் கிடைத்தன. கொக்கைடோவில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் அமோகமாக விளைகின்றன. எமது செம்மண் தோட்டக்காரருக்கு அங்கு கற்க ஏதுமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். விதைக்கிழங்கைப் பாதுகாப்பதையும் கூட்டுறவுச் சந்தைப்படுத்தலையும் கண்ணால் பார்ப்பதே ஒரு படிப்பு. ஆனால் மூன்று வருடமும் ஒரே வரம்பில் களை பிடுங்கியவருக்கு அந்தப் படிப்பு கிடைப்பதில்லை.

இத்திட்டத்தின் பெரிய குறை, முதல் மூன்று வருடத்தில் பயிலுநர் தன் விருப்பப்படி முதலாளியை மாற்ற முடியாது என்பது. இரண்டாவது குறை கடன். யப்பானிய குடிவரவு அதிகாரிகள் 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிலுநர் தமது நாட்டு முகவருக்குச் சராசரியாக 5 இலட்சத்து 40 ஆயிரம் யென் அளவில் கொடுத்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் கடன்பட்டே வந்திருந்தார்கள். கடனோடு வந்தவர் கொடுமைக்கார முதலாளியிடம் அகப்பட்டால் என்ன செய்வார்? சிலர் பொறுத்துக்கொள்வார்கள், சிலர் இரவோடிரவாக ஓடிவிடுவார்கள். 2023 இல் மாத்திரம் 9,700க்கு மேற்பட்ட பயிலுநர் தமது வேலைத்தலங்களிலிருந்து காணாமற் போனார்கள். ஓடிய நிமிடத்திலிருந்து அவர் சட்டவிரோதமானவர். இதையெல்லாம் பார்த்து யப்பானியப் பாராளுமன்றம் 2024 இல் இத்திட்டத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அதற்குப் பதிலான புதிய முறை 2027 இல் நடைமுறைக்கு வருவதாகச் சட்டம் சொல்கிறது. அதில் சில நிபந்தனைகளுடன் முதலாளியை மாற்ற இடமுண்டு. ஆகவே "யப்பான் பயிலுநர்" என்று யாராவது இப்போது பதிவு செய்தால், பழைய முறையா புதிய முறையா என்பதை முதலில் கேளுங்கள்.

மற்றக் கதவு 2019 ஏப்ரலில் திறந்தது. "குறித்த திறன் பெற்ற தொழிலாளர்" விசா என்பது அதன் பெயர். இதைப் பற்றி இலங்கையும் யப்பானும் அதே வருடம் உடன்படிக்கை செய்துள்ளன. விவசாயமும் இதில் ஒரு துறை. பயிர்ச்செய்கை ஒரு பிரிவு, கால்நடை இன்னொரு பிரிவு. யப்பானிய மொழியில் என்4 தரம் அல்லது அதற்குச் சமமான அடிப்படைப் பரீட்சையிலும், தொழிற் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். முதற் படியில் மொத்தம் ஐந்து வருடம் இருக்கலாம். குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியாது. அதே வேலையைச் செய்யும் யப்பானியருக்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும், அதே துறைக்குள் முதலாளியை மாற்றலாம் என்பன விதிகள். மொழி படிக்கப் பொறுமையுள்ள பிள்ளைக்கு இந்தக் கதவே நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

உண்மையான பயிற்சி எப்படியிருக்கும்?

யப்பானிலேயே, தொச்சிகி மாகாணத்தின் நிஷினசுனோவில் ஆசிய கிராமிய நிறுவனம் என்றொன்று உண்டு. வண. தொஷிஹிரோ தக்காமி என்ற கிறிஸ்தவ போதகர் 1973 இல் தொடங்கியது. ஆசிய, ஆபிரிக்கக் கிராமங்களிலிருந்து வருவோர் ஒன்பது மாதம் ஒன்றாகத் தங்கி, இயற்கை முறையில் பயிர் செய்து, தாமே விளைத்ததைச் சமைத்து உண்டு, கிராமத் தலைமைத்துவம் பழகுகிறார்கள். இலங்கையரும் அங்கு படித்திருக்கிறார்கள். அங்கு சம்பளம் இல்லை. தனியாள் பணம் கட்டிச் சேரவும் முடியாது; ஒரு கிராமிய அமைப்பு அனுப்ப வேண்டும், படிப்பு முடிந்ததும் அந்த மக்களிடமே திரும்ப வேண்டும்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதிலே விடை கிடைக்கிறது. உண்மையான பயிற்சிக்குச் சம்பளம் பெரும்பாலும் இல்லை. செலவை அவர்கள் பார்ப்பார்கள். பயிற்சி என்று சொல்லி மாதச் சம்பளம் காட்டினால் அது வேலை. வேலையென்றால் வேலைக்குரிய ஒப்பந்தமும் சட்டமும் எங்கே என்று கேட்க வேண்டும். பயிற்சி என்று சொல்லி இலட்சக்கணக்கில் உங்களிடம் பணமும் கேட்டால், அது எதுவென்று நாம் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் ஜே-1 விசா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. 1961 இல் இயற்றப்பட்ட கல்வி, கலாசாரப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் அது வழங்கப்படுகிறது. ஆராய்ச்சியாளர், ஆசிரியர், கோடைகால வேலைக்கு வரும் பல்கலைக்கழக மாணவர், பண்ணைப் பயிலுநர் என்று அதற்குள் பல பிரிவுகள். பயிலுநராகப் போக அத்துறையில் பட்டமோ சான்றிதழோ பெற்று ஒரு வருட அனுபவம், அல்லது ஐந்து வருட அனுபவம் வேண்டும். அனுப்புவது பண்ணைக்காரர் அல்லர். அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் அங்கீகரித்த அனுசரணை நிறுவனமே. அந்நிறுவனம் தரும் டிஎஸ்-2019 என்ற படிவம் கையில் இல்லாமல் தூதரகத்தில் இந்த விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. முடிந்தபின் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் சிலருக்கு விதிக்கப்படும். "பிறகு அங்கேயே நிற்கலாம்" என்பவர் இதைச் சொல்வதில்லை.

இன்னும் சில பெயர்கள் துண்டுப் பிரசுரங்களில் அடிபடுகின்றன. கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் மெக்சிக்கோவுக்கும் கரிபியன் நாடுகளுக்கும் உரியது. அவுஸ்திரேலியாவின் பசுபிக் தொழிலாளர் திட்டம் பசுபிக் தீவுகளுக்கும் கிழக்குத் தீமோருக்கும் உரியது. இரண்டிலும் இலங்கை இல்லை. இஸ்ரேல் 2023 நவம்பரில் பண்ணை வேலைக்கு 10,000 இலங்கையரை எடுக்க உடன்பட்டது உண்மை. அந்த வெற்றிடம் ஏன் உண்டானது என்பதையும் நினைத்துப் பாருங்கள்: அந்த ஒக்டோபரில் தாய்லாந்துப் பண்ணைத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டும் பணயமாகப் பிடிக்கப்பட்டும், ஆயிரக்கணக்கானோர் நாடு திரும்பியும் இருந்தார்கள். யுத்தத்தை அறிந்த எமது மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடன் கணக்கு

ஒரு கணக்கைப் பார்ப்போம். முகவருக்குக் கொடுக்க எட்டு இலட்சம் ரூபா, நூற்றுக்கு மூன்று மாத வட்டிக்கு ஊரில் எடுத்தாயிற்று. மாத வட்டி 24,000. விசா வர பத்து மாதம் சென்றால், பிள்ளை விமானம் ஏறமுன்னரே 2,40,000 ரூபா வட்டி நிற்கிறது. விசா வராவிட்டாலும் அதே வட்டிதான். சீட்டுக் காசு, அக்காவின் தாலிக்கொடி, மச்சானின் மோட்டார் சைக்கிள் என்று இவையும் சேரும். அதே எட்டு இலட்சத்தில் விடுபட்ட காணியின் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, வேலி அடைத்து, நீரிறைக்கும் யந்திரம் வாங்க எவ்வளவு செல்லும் என்றும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். போகவேண்டாம் என்று நாம் தடுக்கவில்லை. இரண்டு கணக்கையும் ஒரே கடதாசியில் எழுதாமல் முடிவெடுக்க வேண்டாம் என்றே கேட்கிறோம்.

முகவர் எல்லோரும் கள்வர் என்றும் நாம் சொல்ல வரவில்லை. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அதன் இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அது உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். போகமுன்னர் பணியகத்தில் பதிவு செய்யுங்கள்; பதிவு செய்தவருக்குக் காப்புறுதியும் உண்டு, பிரச்சினை வந்தால் தூதரகத்தில் கோவையும் உண்டு. சுற்றுலா விசாவில் ஏற்றி "அங்கே மாற்றித் தருவோம்" என்பவருக்குக் கடவுச்சீட்டைக் கொடுக்கவே வேண்டாம். கடவுச்சீட்டு எடுக்க இப்போது கொழும்புக்கு அலையத் தேவையில்லை. 2025 இல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறக்கப்பட்டிருக்கிறது. ஆகவே "கடவுச்சீட்டும் நானே எடுத்துத் தருகிறேன்" என்ற உதவியும் அவசியமில்லை.

கடைசியாகக் காணி உறுதி. இது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மாத்திரம் உரிய ஆபத்து. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். இந்தக் காணி எனது என்று நிலைநாட்ட அவர்களிடம் இருந்தது உறுதிதான். காணி துண்டு துண்டாக விடுவிக்கப்படும் இக்காலத்திலும் பிரதேச செயலகத்தில் கேட்பது அதையே. அந்த உறுதி யாரோ ஒருவரின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தால், காணி திறக்கும் நாளில் நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள். போட்டோப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்; மூல உறுதியைக் கொடுக்காதீர்கள். கடனுக்குக் காணியை வைத்தே ஆகவேண்டுமென்றால், நொத்தாரிசு எழுதுவது ஈட்டு உறுதியா, அறுதி உறுதியா என்று உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையெழுத்து வையுங்கள். ஈடு என்று நம்பி அறுதிக்குக் கையெழுத்திட்டவர்கள் எமது ஊர்களில் உண்டு. பயணம் நிச்சயமானால், காணியின் சொந்தக்காரர் போகிறவராயின், விடுவிப்பு, எல்லை அளப்பு, வீட்டுத்திட்டக் கடதாசிகளில் ஒப்பமிட மனைவிக்கோ தாய்க்கோ அற்றோணித் தத்துவம் எழுதிவைக்க வேண்டும். அதில் காணியை விற்கும் அதிகாரம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.